மடுவில் நான் போட்ட வெள்ளிக் கை

தம்பி,

மூன்று நாளாக இதை உன் முகத்துக்கு நேரே சொல்லப் பார்த்தேன். மூன்று நாளும் கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் திரும்பிவிட்டேன். நீயும் மூன்று நாளும் காணும் என்றாய். நேற்றைய கறிக்கு நான் உப்பே போடவில்லை. அதைக்கூடக் கவனிக்காமல் சாப்பிட்டு எழும்பும் அளவுக்கு உன் மனம் வேறெங்கோ இருக்கிறது. போட மறந்ததை அறியாமல் பரிமாறும் அளவுக்கு என் மனமும் அப்படித்தான். ஆகவே எழுதுகிறேன். தையல் மேசையில் நூற்கட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, கோயிலில் முதல்நன்மை வாங்குகிற பிள்ளைகளின் சட்டைகளுக்கு அளவு குறிக்கிற கொப்பியில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ உன் கொழும்புக் கூட்டாளி ருவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன் நீ அறிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. வாசித்தபின் நீ என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் சரி, எழுதி முடிக்காமல் இந்தக் கதிரையை விட்டு எழும்புவதில்லை என்று இருந்துவிட்டேன்.

முதலில் இருந்தே சொல்கிறேன், அப்போதுதான் எனக்குத் துணிவு வரும். உனக்குப் பதின்மூன்று வயது. அப்பா எஞ்சின் திருத்தப் போகிற கடற்கரை வாடிகளில் இருந்து உடைந்த, பாரமில்லாத றெஜிபோம் மீன்பெட்டிகளைக் கொண்டுவந்து வீட்டுப் பின்கோடிக்குள் அடுக்கி வைப்பார். நீ அவற்றைக் கவிழ்த்து வைத்து இரண்டு தடியால் அடிப்பாய். வெள்ளைத் துகள் வளவெல்லாம் பறந்து நான் வெட்டி வைத்த துணியில் ஒட்டும். நான் கத்துவேன். அப்பா கையில் கழற்றிய எஞ்சின் சாமானோடு அப்படியே நின்று கேட்பார். ஒருநாள் என்னிடம் சொன்னார், "சத்தத்தைப் பாக்காதை. நேரத்தைப் பார். ஒரு அடியும் பிந்தேல்லை." எஞ்சின் சத்தத்தில் வலது காதைப் பாதி இழந்த மனுசன் இசையைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டார் என்று நான் சிரித்தேன். நாற்பது வருடமாக ஓடுகிற எஞ்சினைக் கேட்டே நோய் சொல்கிற மனுசன் அவர் என்பது அப்போது என் புத்தியில் படவில்லை.

பிறகு கோயில் பாண்டில் உன்னைச் சேர்த்தேன். பெட்டியை அடிக்கிறவன் மேளத்தை அடிக்கட்டும், மாதாவுக்காவது அது போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். அந்தத் திருவிழாச் சுற்றுப்பிரகாரத்தை நீயும் மறந்திருக்க மாட்டாய், எங்கள் பள்ளிமுனையில் ஒருவரும் மறக்கவில்லை. பெரிய ட்ரம் உன் நெஞ்சில். சொரூபம் தூக்கினவர்கள் எல்லாம் வலை இழுத்து உரமேறிய ஆட்கள். கடற்கரை வீதியில் திரும்பும் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. திரும்பியதும் நீ வேகம் எடுத்தாய். ஊதுகிற பெடியங்கள் உன் பின்னால் ஓடினார்கள், தூக்கினவர்களின் கால் உன் அடிக்குக் கட்டுப்பட்டு அதுவும் ஓடியது, மாதாவின் முடி ஆடியது, சுவாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். செபமாலை சொல்லிக்கொண்டு போன நாங்கள் ஐந்தாம் காரணிக்கத்தை மூச்சு வாங்க வாங்கச் சொன்னோம். ஒரு மணித்தியாலச் சுற்று அரை மணியில் கோயிலுக்குத் திரும்பிவிட்டது. வீட்டுக்கு வந்து தையல் அளவுகோலால் உன்னை அடித்தேன். ஏனடா ஓடினாய் என்று கேட்டேன். "நான் ஓடேல்லை அம்மா, அவை மெதுவா நடந்தவை" என்றாய். அப்பா சிரித்தபடி வெளியே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, தம்பி. நீ செய்தது பெரிய பிழை என்று அடிக்கவில்லை. கோயில் வாசலில் நாலு பெண்கள் என்னைப் பார்த்த பார்வைக்காக அடித்தேன். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் செய்தவற்றில் அதுதான் முதலாவது.

அடுத்தது தவக்காலம். விபூதிப் புதன் தொடங்கி உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இந்த வீட்டில் ரேடியோ இல்லை, சினிமாப் பாட்டு இல்லை, ட்ரம்ஸ் இல்லை. நாற்பது நாளும் கை சும்மா இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். உனக்குப் பதினைந்து வயது. சரி என்றாய், எனக்கே ஆச்சரியம். இரண்டாம் கிழமைதான் பார்த்தேன், கிணற்றடிக் கல்லில் நீ இருக்கிற இடத்துக்குக் கீழே மணலில் இரண்டு குழி. குதியால் இடித்து இடித்து வந்த குழி. கை மடியில், பார்வை நேரே, கால் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. சாப்பாட்டு மேசைக்குக் கீழே ஓடின. சிலுவைப்பாதையில் முழந்தாளில் இருக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஓடின. ஞானோபதேசம் படிப்பிக்கிறவள் நான், எவ்வளவு யோசித்தும் காலைத் தடுக்க ஒரு விதி எனக்குக் கிடைக்கவில்லை. நாலு தவக்காலம் அப்படிப் போனது. கொழும்பில் நீ ட்ரம்ஸின் மிதியை இரண்டு காலாலும் அடிக்கிறதைப் பார்த்தவர்கள் இவனுக்கு இந்தக் கால் எங்கே இருந்து வந்தது என்று கேட்டார்களாம், நீ தவக்காலத்தில் என்று சொன்னாயாம், அவர்கள் பகிடி என்று சிரித்தார்களாம். ருவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் தடுத்ததிலேயே நீ வளர்ந்தாய் என்று கேட்டபோது எனக்குப் பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

கணினி படிக்கக் கொழும்புக்குப் போனாய். படித்தாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் வருடத்திலேயே தெஹிவளையில் யாரோ வீட்டுக் கார்க் கொட்டகைக்குள் நாலு பேராகப் பாட்டுக் குழு சேர்ந்துவிட்டீர்கள். பகலில் படிப்பு, படித்து முடிந்தபின் ஒரு கந்தோரில் வேலை, பின்னேரம் ட்ரம்ஸ். ஆறு வருடம் அப்படி. விரல் வெடித்து பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு வருவாய், ஸ்டிக்கை ஒழுங்காகப் பிடித்தால் வெடிக்காது என்று நீயே எனக்குப் பாடம் எடுப்பாய். நீங்கள் அடிக்கிற ஹெவி மெட்டல் என்றால் என்னடா என்று கேட்டேன். "கேட்டுப் பாருங்கோ" என்று உங்கள் முதல் சீடியை மார்கழியில் நத்தார்ப் பெருநாளுக்குக் கொண்டுவந்து தந்தாய். நீ திரும்பிப் போனபின் போட்டேன். ஒரு பெடியன் வயிற்றுக்குள் இருந்து உறுமினான். அரை நிமிடத்தில் நிற்பாட்டிவிட்டேன். அடுத்த நத்தாருக்கு நீ வந்தபோது அந்தச் சீடி முருங்கையில் நூல் கட்டித் தொங்கியது, காகம் விரட்ட. நீ அதை நிமிர்ந்து பார்த்ததை நான் குசினி யன்னலால் பார்த்தேன். உள்ளே வந்து தேத்தண்ணி கேட்டாய். இதற்கு நான் உன்னிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

உன் கறுப்பு ரீசேட்டுகளை நான் தோய்த்து உட்புறம் வெளியே தெரியக் காயப் போட்டதற்கு வெயிலில் நிறம் மங்கிவிடும் என்று சாட்டுச் சொன்னேன். மண்டையோட்டுப் படம் வேலிக்கு அங்கால் தெரியக் கூடாது என்பதுதான் காரணம். அப்படியும் தெரிந்துவிட்டது. உங்கள் படம் ஒன்று போனில் சுற்றியது. செபக்குழுவில் இருந்து இரண்டு பேர் வந்து, உங்கட மகன் சாத்தான் பாட்டுக்கு அடிக்கிறாராம், நாங்கள் உபவாசம் இருந்து செபிக்கிறம் என்று இரக்கத்தோடு சொன்னார்கள். கோபத்தோடு சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். வங்காலையில் இருந்து வந்த சம்பந்தம் அந்த மாதமே நின்றது. எனக்கு உரத்த சத்தம் ஆகாது, ஷெல் விழுந்த காலத்தில் பங்கருக்குள் இருந்தவள், அதனால்தான் உன் ட்ரம்ஸைத் தாங்க முடியவில்லை என்று எல்லோருக்கும் சொல்லி வந்தேன். உனக்கும் சொன்னேன். நீ அதை நம்பி, வீட்டில் கதவைக்கூட மெதுவாகச் சாத்துவாய். அது பொய், தம்பி. ஆலைச் சங்கும் வெடியும் கேட்டால் எனக்கு நெஞ்சு இடிக்கும், அது உண்மை. ஆனால் உன் ட்ரம்ஸ் விஷயத்தில் எனக்குச் சத்தம் பிரச்சினையாக இருக்கவில்லை. ஊர்வாய்தான் பிரச்சினை.

அந்த வருடம் ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குப் போனோம். நீ வரவில்லை, வெளிநாட்டில் ஒரு பெரிய மேடையில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், பயிற்சி இருக்கிறது என்றாய். குரலில் அவ்வளவு சந்தோஷம். ஆறு வருட உழைப்புக்குக் கிடைத்தது என்று சொன்னாய். நான் நல்லது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, நேரே மாதாவுக்கு முன்னால் போய் முழந்தாளில் இருந்தேன். ஒரு நேர்த்தி வைத்தேன். என்ன நேர்த்தி என்று நான் சொன்ன சொல்லிலேயே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. "தாயே, அவன்ர கையில இருந்து அந்த ட்ரம்ஸை எடுத்துவிடு. அவன் அதை விட்டிட்டு வீட்டை வந்தானெண்டா வெள்ளியில ஒரு கை செய்து கொண்டுவந்து போடுறன்." முப்பது வருடமாக ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குக் கடவுளோடு பேரம் பேசக் கூடாது என்று படிப்பித்தவள் நான். பேரம் பேசினேன். மனம் லேசாகி, மடுக் கோயிலடி மண்ணும் ஒரு கடதாசிச் சரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நீங்கள் அந்த மேடைக்கு வெளிக்கிட ஐந்து நாள் இருக்கும்போது மழையில் நீ போன ஓட்டோ வழுக்கிப் புரண்டது. வலது மணிக்கட்டில் இரண்டு முறிவு. தகடு வைத்தார்கள். உன் இடத்துக்கு வேறொருவனைப் பிடித்துக்கொண்டு அவர்கள் போனார்கள், போகாமல் விட முடியாது, உன்னிடம் கேட்டுத்தான் போனார்கள். அப்பாவும் நானும் கொழும்புக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தோம். பஸ்ஸில் நான் உன் பக்கத்தில் இருந்து, கட்டுப் போட்ட கையை என் மடியில் வைத்துத் தாங்கிக்கொண்டு வந்தேன். அப்போது என் மனதில் என்ன ஓடியது தெரியுமா. உன் நோவு முதலில் ஓடியது, சத்தியமாக. அதற்கு அடுத்ததாக நேர்த்தி ஓடியது. கேட்டது நடந்துவிட்டது, நேர்த்தியைத் தாமதித்தால் குற்றம் வரும், இன்னும் பெரிதாக ஏதாவது நடக்கும் என்று பயந்தேன்.

பத்தாம் நாள் பட்டினத்துக்குப் போய்த் தட்டாரிடம் வெள்ளிக் கை செய்யச் சொன்னேன். அவர் கொப்பியை எடுத்து, "எந்தக் கை அம்மா?" என்று கேட்டார். வலது என்றேன். அந்தச் சொல் என் வாயில் இருந்து வந்த நேரம் எனக்குச் சுரீர் என்றிருக்க வேண்டும். இருக்கவில்லை. எவ்வளவு நீளம் என்று கேட்டார், விரல் விரித்துக் காட்டினேன். உன் கையில் இன்னும் கட்டு அவிழ்க்கவில்லை, நீ இடக்கையால் சோறு அள்ளத் தெரியாமல் சிந்திக்கொண்டிருந்தாய், நான் தையல் சாமான் வாங்கப் போறன் என்று பொய் சொல்லிவிட்டு மடுவுக்குப் பஸ் ஏறினேன். காணிக்கை போடும் இடத்தில் என் பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "ஆருக்கு அக்கா, மகனுக்கோ? மாதா சுகப்படுத்துவா" என்றாள். ஓம் என்று தலையாட்டினேன். அவள் நினைத்தது உனக்குச் சுகம் கேட்டு வந்திருக்கிறேன் என்று. நான் வந்தது நன்றி சொல்ல. என் பிள்ளையின் கை முறிந்து கிடக்கும்போது, அதற்கு நன்றி சொல்லி வெள்ளிக் கையைப் பெட்டிக்குள் போட்டேன். இதுதான் நான் உனக்குச் சொல்ல இருந்தது.

பிறகு இரண்டு வருடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், இதை ஒருநாளும் சொல்லவில்லை. மறைத்ததாக நினைத்தும் சொல்லாமல் விடவில்லை. நன்றி சொல்வது பாவம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ சுகமாகி, பட்டினத்தில் கட்டடச் சாமான் கடையில் களஞ்சியம் பார்க்கப் போனாய். முடியை வெட்டினாய். ஞாயிறு பூசைக்கு என்னோடு வந்தாய். செபக்குழுக்காரர் என்னைக் கண்டால் சிரித்தார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன், தம்பி, அதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு மேசைக்குக் கீழே உன் கால் அசையாமல் இருந்ததைப் பார்த்து, பிள்ளை அடங்கிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். வைத்தியர் கை நன்றாகப் பொருந்திவிட்டது, எதையும் செய்யலாம் என்று சொன்ன அன்றும் நீ ஸ்டிக்கைத் தொடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ தொட்டுவிடுவாயோ என்ற பயம்.

ருவன் வந்தது போன கிழமைக்கு முந்திய ஞாயிறு. அந்தப் பிள்ளை வத்தளையில் இருந்து ஓர் இரவு முழுக்கப் பயணம் செய்து வந்தான். நண்டுக் குழம்பை உறைப்புத் தாங்காமல் கண்ணீர் விட்டபடி மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். உன் இடத்துக்கு வந்தவன் போய்விட்டான், இனி ஆல்பம் பதிவு செய்யப் போகிறோம், நீ வந்தால் உன்னோடு, இல்லாவிட்டால் வேறு ஆள் தேட வேண்டும் என்று உன்னிடம் சொன்னான். என்னிடம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, இவர் கால் மாதிரி எங்களுக்கு ஆள் இல்லை" என்றான். நீ யோசிக்க நேரம் கேட்டாய், ஆனால் உன் முகம் முடிவு எடுத்துவிட்ட முகம். அவனை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, நான் கோப்பை கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று சொன்னாய்.

"நான் போகேல்லை அம்மா. மாதாவே நிப்பாட்டினவா. அவ நிப்பாட்டினதை நான் ஏன் திரும்பத் தொடங்க?"

எத்தனையோ வருடம் நான் உன்னிடம் எதிர்பார்த்த பக்தி அது. இப்போது வந்து நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பை ஏற்கெனவே கழுவியது, அதையே திரும்பத் திரும்பக் கழுவினேன். நீ ட்ரம்ஸை விட்டதற்குக் கை நோவு காரணம் இல்லை, ஆசை போனதும் காரணம் இல்லை, வானத்தில் இருந்து உனக்கு ஒரு செய்தி வந்தது என்று நம்பி விட்டிருக்கிறாய். அந்தச் செய்தியை எழுதி அனுப்பினவள் குசினிக்குள் நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே ருவன் போகும்போது என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தான், உங்கள் பழைய மேடை ஒன்று. அடுத்தநாள் நீ வேலைக்குப் போனபின் பார்த்தேன். ஆறு வருடத்தில் உன்னை ஒரு தரமாவது முழுதாகப் பார்த்ததில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். பாடுகிற பெடியன் அதே மாதிரி உறுமினான், அவனுக்கு மல்லித்தண்ணி அவித்துக் குடிக்கச் சொல்லு, தொண்டை கெட்டுவிடும். நான் அப்பா சொன்னபடி சத்தத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பார்த்தேன். படம் பிடித்தவன் ஒரு கட்டத்தில் உன் பின்னால் வருகிறான். அங்கே உன் குதி இரண்டும் தெரிகின்றன. மற்ற எல்லோரும் நிற்பாட்டிவிடுகிறார்கள், கூட்டமும் ஒரு கணம் அடங்குகிறது, உன் கால் இரண்டு மட்டும் ஓடுகின்றன. ஒரு அடியும் பிந்தவில்லை. பிறகு முகத்தைக் காட்டினான். கடினமான கணக்குக்கு விடை வந்த பிள்ளையின் முகம். அந்த முகத்தை இந்த இரண்டு வருடத்தில் நான் ஒரு நாள்கூடக் காணவில்லை. நாலு தரம் பார்த்தேன், நாலு தரமும் அழுதேன். அன்றைக்குத் தைக்க வேண்டிய சட்டை ஒன்றும் தைக்கவில்லை.

பின்னேரம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்தியில் தொடங்கித் தட்டார், மடு, நீ சொன்ன வார்த்தை எல்லாம். அவருக்கு நல்ல காதுப் பக்கமாக இருந்து சொன்னேன், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. நீண்ட நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார், "நீ கேட்டது பெரிசில்லை. தாய்மார் ஆயிரம் கேப்பினம், அவவும் கேட்டுக்கொண்டுதான் இருப்பா. பிள்ளையின்ர கை முறிஞ்சு கிடக்கேக்க நன்றி சொன்னியே. அது பிழை." அவனிடம் சொன்னால் என்னை வெறுத்துவிடுவானே என்றேன். "வெறுக்கட்டும். ஆனா அவன் தெரிஞ்சுகொண்டு வெறுக்கட்டும்" என்றார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அவர் என்னைக் கண்டித்தது அந்த ஒரு தரம். அடுத்த நிமிடம் எழும்பி எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார், சீனி கூடிப்போச்சு.

போன சனிக்கிழமை மடுவுக்குப் போனேன். உன்னிடம் சித்தி வீட்டுக்கு என்று சொன்னேன், அதுவும் பொய், இதுதான் கடைசிப் பொய். அந்தக் கையைத் திருப்பிக் கேட்கலாம் என்ற விசர் எண்ணமும் இருந்தது, போட்ட காணிக்கையை யார் திருப்பித் தருவார். முழந்தாளில் இருந்தேன். வாய் திறந்ததும் என்ன வந்தது தெரியுமா. "தாயே, அவன் திரும்ப ட்ரம்ஸ் அடிக்கப் போனானெண்டா..." என்று தொடங்கிவிட்டேன். பாதியில் நாக்கைக் கடித்தேன். அதே கை நீட்டல், அதே பேரம், இந்த முறை மற்றப் பக்கத்துக்கு. உன்னை வீட்டுக்கு இழுக்கவும் நேர்த்தி, வெளியே தள்ளவும் நேர்த்தி. உன்னைக் கேட்காமல் உன் வாழ்க்கையைக் கொண்டுபோய்ப் பேசுகிற பழக்கம் எனக்கு எவ்வளவு ஊறிப்போய் இருக்கிறது என்று அங்கேதான் கண்டேன். ஒன்றும் கேட்காமல் எழும்பி வெளியே வந்தேன். வாழ்க்கையில் முதல் தரம் மடுவில் இருந்து வெறுங்கையோடு, மண்கூட எடுக்காமல், வீட்டுக்கு வந்தேன்.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். மாதா உன்னை நிற்பாட்டவில்லை. அவ உன் கையைத் தொடவே இல்லை. அது மழையும், ஓட்டோவின் தேய்ந்த ரயரும். அதை அற்புதமாக்கினது நான், அதை நம்பினது நீ. நான் மனம் திருந்திவிட்டேன் என்று காட்டவோ, நீ என்னைத் தேற்றவோ இதை எழுதவில்லை. பொய்யான காரணத்தை வைத்துக்கொண்டு நீ ஞாயிற்றுக்கிழமை ஒரு பதிலைச் சொல்லக் கூடாது. அதற்காக எழுதுகிறேன். போக வேண்டாம் என்று உனக்கு வேறு காரணம் இருந்தால், ஆசை விட்டுப்போய்விட்டது, கொழும்பு அலுத்துவிட்டது, கடை வேலை பிடித்திருக்கிறது, யாரோ ஒரு பிள்ளையைப் பார்த்து வைத்திருக்கிறாய், எதுவாக இருந்தாலும் அது நல்ல காரணம், அதில் நில். எனக்காக மட்டும் நிற்காதே. எனக்கு அறுபது ஆகிறது, முழங்கால் நோகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அதைச் சாட்டி ஒருவரும் உன்னை மறிக்க இடம் கொடுக்காதே, நான் மறித்தாலும்.

போவது என்றால், காதுக்கு அடைப்பான் போடு. அப்பாவின் வலது பக்கத்தில் நின்று பேசிப் பேசி உனக்கே அலுத்துப் போயிருக்கும், உன் பெண்சாதி அப்படிக் கத்தக் கூடாது. இரண்டு வருடம் பழகாத கை, முதல் நாளே வேகம் எடுக்காதே. உன்னைச் சுற்றுப்பிரகாரத்தில் அடித்த அடிக்குப் பிறகு இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்றாலும் சொல்கிறேன். மேடைக்குப் போகும்போது ரீசேட்டை என்னிடம் தைக்கக் கொண்டுவா, கை மடிப்பு உனக்கு எப்போதும் இறுக்கம். படம் எதுவாக இருந்தாலும் இனி வெளிப்புறமாகவே காயப் போடுவேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அதன் பேரில் கடவுளிடம் எதையாவது கேட்பதற்கு முன் அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேள். அது சொல்வது உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனாலும் கேள்.

நான் எதை விரும்புகிறேன் என்று இதில் எங்கும் எழுதவில்லை, கவனித்திருப்பாய். எழுத மாட்டேன். இந்தக் கொப்பியை உன் மேசையில் விரித்து வைத்துவிட்டு, நீ வேலையால் வர முந்தி அப்பாவும் நானும் தலைமன்னாருக்குச் சித்தி வீட்டுக்குப் போகிறோம். இந்த முறை உண்மையாகவே சித்தி வீடுதான். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவது, அவர் வீட்டில் இருந்தால் கோடிக்குள் நின்று எஞ்சினைப் பற்றிப் பேசுவது போல உனக்கு ஏதாவது சொல்லிவிடுவார் என்பதால். என் முகத்தைப் பார்த்துப் பார்த்து நீ எடுத்த முடிவுகள் போதும். அம்மா, நீங்கள் என்ன சொல்லுறியள் என்று போன் எடுத்துக் கேட்காதே, கேட்டால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன், அதனால் போனை நிற்பாட்டி வைக்கப் போகிறேன். ஞாயிறு பூசையில் உனக்காக ஒன்றும் கேட்க மாட்டேன். சித்தியின் முழங்காலுக்கும் என் முழங்காலுக்கும் மட்டும் கேட்பேன். திங்கட்கிழமை பத்து மணி பஸ்ஸில் வருவோம். வீட்டில் நீ இருந்தால் மூன்று பேருக்கு உலை வைப்பேன், இல்லாவிட்டால் இரண்டு பேருக்கு. இரண்டுக்கும் அரிசி இருக்கிறது.

அம்மா